எந்தத் துப்பாக்கி வாங்குவது?

கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சென்ற தை மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், தற்காப்புக்கு ரிவால்வர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். தினமும் இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி. எது நல்லது?" வாங்கலாமா என்று அவர் கேட்கவில்லை. அதை அவர் முடிவு செய்துவிட்டார். எது என்பதே வினா.

ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர். பங்குப் பேரவையிலும் சில ஆண்டுகள் இருந்தவர். அவர் கேட்டதில் வீம்பு ஏதுமில்லை. களத்தில் காயவைத்திருந்த மிளகு இரு முறை களவு போயிருந்தது. விற்ற பணத்தோடு சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சில நாள்களில் இருட்டில் தனியே இறங்க வேண்டியிருக்கிறது. மகன் வெளியூரில். தோட்டத்து வீட்டில் மனைவியும், விடுமுறை வந்தால் பேரனும். அடுத்த வீடு கூப்பிடு தொலைவில் இல்லை.

இத்தகைய கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. வாளெடுப்போரைக் குறித்து ஆண்டவர் கெத்சமனித் தோட்டத்தில் சொன்னதை நினைவூட்டி அனுப்பிவிடுவது ஒன்று. காலம் கெட்டுக் கிடக்கிறது, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பது மற்றொன்று. கேட்டவருக்கு இவற்றால் பயன் உண்டோ இல்லையோ, சொல்பவருக்குச் சிந்திக்கும் தொல்லை மிச்சமாகிறது. நான் அவர் வினாவை அவர் கேட்டபடியே எடுத்துக்கொண்டு, அதன் போக்கிலேயே போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் கருவியைப் பார்ப்போம். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்ற அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஐந்தோ ஆறோ அறைகள் கொண்ட ஓர் உருளை, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் அறை நகர்ந்து குழலின் நேரே வந்து நிற்கிறது. கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டியைச் செருகும் பிஸ்டலில் தோட்டாக்கள் கூடுதலாகக் கொள்ளும். ஆனால் அது இடையில் சிக்கிக்கொண்டால், சிக்கலை எடுக்கப் பழகிய கை வேண்டும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காமற் போனால் விசையை மீண்டும் அழுத்தினால் போதும், அடுத்த அறை வந்துவிடும். ஆகவே புதிதாகப் பழகுபவருக்கு ரிவால்வரே நல்லது என்று இத்துறை அறிந்தோர் பலர் சொல்வர்.

அதற்குமேல் சிக்கல் தொடங்குகிறது. குழல் குட்டையாக இருந்தால் சட்டைக்குள் மறையும், ஆனால் குறி தவறும். நீளமாக இருந்தால் குறி நிற்கும், ஆனால் மறையாது. கனம் குறைந்ததை நாள் முழுதும் சுமக்கலாம். ஆனால் சுடும்போது அது கையை உதறித் தள்ளும், இரண்டாம் குண்டு எங்கோ போகும். கனமானது கையில் அடங்கி நிற்கும். ஆனால் ஒரு மாதத்தில் சுமை பொறாமல் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். சுமக்க எளியது சுடக் கடினம், சுட எளியது சுமக்கக் கடினம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தாலும், ஓயாத பயிற்சி இல்லாதவன் கையில் அது இரும்புத் துண்டுதான். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் விரல்கள் நாம் சொன்னதைக் கேட்பதில்லை.

நம் நாட்டில் தேர்வு இன்னும் குறுகியது. 1878ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய படைக்கலச் சட்டத்தின் இடத்தில் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, படையினரும் காவலரும் கையாளும் .38, 9 மி.மீ. போன்ற அளவுகள் பொதுவாகத் தனியாருக்குக் கிடையா. .32 அளவே பெரும்பாலோர்க்கு வாய்ப்பது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்; காவல்துறை விசாரிக்கும். 2016ஆம் ஆண்டு விதிகள், ஆயுதத்தைக் கையாளும் பயிற்சியையும் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பையும் விண்ணப்பதாரர் மேல் ஏற்றியுள்ளன. ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. தேர்தல் அறிவித்துவிட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் காவல்நிலையத்தில் ஒப்படைக்கும்படி ஆணை வருவது வழக்கம். மக்கள் மனம் கொதிக்கும் நாள்களில் துப்பாக்கிகள் பூட்டிக் கிடப்பதே நல்லது என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில் தேர்தல் இல்லாத காலத்திலும் அப்படிப்பட்ட நாள்கள் வருவதுண்டு.

கொல்லிமலைக்குத் துப்பாக்கி புதிதன்று. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே (கேரளத்தாரைக் குறிக்கும் சொல் அன்று இது, மலையை ஆள்வோர் என்று தம் பெயருக்கு அவர்கள் பொருள் சொல்வதுண்டு) நாட்டுத் துப்பாக்கி நெடுநாளாகப் புழங்கியது. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நாரை வைத்துக் கம்பியால் இடித்து, ஈயக் குண்டையோ பால்ரஸ் குண்டையோ இட்டு நிரப்புவது. ஒரு முறை சுட்டால் மறுமுறைக்கு மீண்டும் இத்தனையும் செய்தாக வேண்டும். மரவள்ளிக் காட்டைக் காட்டுப்பன்றி ஓர் இரவில் உழுது போட்டுவிடும். அதை விரட்டவும், சில வேளை கறிக்காகவும் அது பயன்பட்டது. கொல்லிமலை, கல்வராயன்மலை, பச்சைமலை, ஜவ்வாதுமலை ஆகியவற்றில் உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்ட செய்திகளும், தாமே முன்வந்து ஒப்படைக்குமாறு காவல்துறை ஊர் ஊராகக் கேட்டுக்கொண்ட செய்திகளும் நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. இதை நான் அழகுபடுத்திச் சொல்லவில்லை. இருளில் அசைந்ததை விலங்கென்று எண்ணிச் சுட்டு, மனிதன் விழுந்து கிடந்த துயரமும் நம் மலை மாவட்டங்களில் நடந்ததுண்டு. உரிமமில்லாத ஆயுதம் குற்றமே.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு வேலை இருந்தது. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் உள்ளதுபோல, வெள்ளாமையோடு சேர்ந்த வேலை. வேலை முடிந்தால் அது பரண்மேல் ஏறிவிடும். இடுப்பில் செருகும் ரிவால்வருக்கு அப்படி ஒரு வேலை இல்லை. அதைக் கொண்டு பன்றி விரட்ட இயலாது. குட்டைக் குழலும் குறுகிய தூரமும் அதன் இலக்கு யாரென்று சொல்லிவிடுகின்றன. மனிதன் ஒருவனுக்காகவே செய்யப்பட்ட கருவி அது. அதை நாள்தோறும் காலையில் குளித்து, உடை உடுத்தி, சிலுவை அடையாளம் வரைந்து, பின் இடுப்பில் செருகுவது என்றால், இன்று ஒரு மனிதனைச் சுட வேண்டியிருக்கலாம் என்ற எண்ணத்தையும் சேர்த்துச் செருகுகிறோம். எந்த ரிவால்வர் என்று கேட்பவர் அந்த எண்ணத்தின் எடையை நிறுத்துப் பார்ப்பதில்லை. விலைப்பட்டியலில் அது இருக்காது.

வேறொன்றும் இங்கே உறுத்துகிறது. காட்டைக் காக்க இரும்புக் குழாயில் துப்பாக்கி செய்தவன் மீது வழக்கு; ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்க வல்லவர் கையில் உரிமம். சட்டம் சரியாகவே நடந்திருக்கலாம். ஆனால் அஞ்சுவதற்கான காரணம் ஏழைக்குக் குறைவாகவா இருக்கிறது?

இம்மலை வில்லுக்குப் பேர்பெற்ற மலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட இடம். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடியில் அரசு விழா எடுக்கிறது. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். பள்ளிப் பருவத்தில் இதைக் கேட்டு வியந்தோம். இப்போது நினைக்கையில் வேறொன்று தோன்றுகிறது. அந்த உடும்பு ஓரிக்கு என்ன செய்தது? அது அவன் இலக்கும் அன்று. குறிவைத்தவன் மீது பாய்ந்த குண்டு அங்கேயே நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று துப்பாக்கி வல்லுநர்கள் இன்றும் எச்சரிக்கிறார்கள். தவறிய குண்டானால் சொல்லவே வேண்டாம். தடுப்புச் சுவருக்கு அப்பால் யார் உறங்குகிறார்கள் என்று அது கேட்பதில்லை. ஓரியின் முடிவும் நாம் அறிந்ததே. மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஒப்பற்ற வில் அவன் மலையைக் காக்கவில்லை.

உடும்பைப் பற்றிப் பேசும்போது ஒரு பல்லி நினைவுக்கு வருகிறது. பாடுகளின் சபையைச் சேர்ந்த புனித கபிரியேல் பொசென்தி, 1860இல் இத்தாலியச் சிற்றூர் ஒன்றில் கொள்ளையிட வந்த வீரர்களிடமிருந்து துப்பாக்கியைப் பறித்து, ஓடிய பல்லி ஒன்றைச் சுட்டுத் தம் குறித்திறனைக் காட்டி அவர்களை விரட்டினார் என்று ஒரு கதை உண்டு. இதை வைத்து, அவரைக் கைத்துப்பாக்கி வைத்திருப்போரின் பாதுகாவலராக அறிவிக்கக் கோரி அமெரிக்காவில் ஓர் இயக்கமே நடந்தது. திருச்சபை அதற்கு இசையவில்லை. காசநோயால் நலிந்து 1862இல் 24 வயது நிறையுமுன் இறந்த அந்த இளைஞரைப் பற்றிய நம்பத்தகுந்த வரலாற்றில் இக்கதைக்குச் சான்றில்லை என்கிறார்கள். நாம் செய்யத் துணிந்ததற்கு ஒரு புனிதரைத் துணைக்குத் தேடுவது மனித இயல்பு.

கொல்லிமலையில் அதனினும் பழைய கதை ஒன்று உண்டு. கொல்லிப்பாவை. இம்மலையில் தவம் செய்த முனிவர்களை அசுரரிடமிருந்து காக்கத் தெய்வத்தால் செய்து நிறுத்தப்பட்ட பெண்வடிவப் பாவை அது, அழகாகச் சிரிக்கும், மயங்கி நெருங்கிய பகைவன் மாள்வான். சங்கப் பாடல்களிலும் அதன் பேச்சு உண்டு. மக்கள் தம் அச்சத்தைப் போக்கக் கற்பனை செய்த முதல் தானியங்கி ஆயுதம் இதுவே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் கற்பனையிலும் ஒரு கவனம் இருக்கிறது. பாவை அசுரரை அவர்தம் வாடையால் அறிந்துகொள்ளும் என்று கதை சொல்கிறது. வருபவன் யார், எதற்கு வருகிறான் என்பதை அறியாத காவல் காவலன்று என்பது நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது. நண்பரின் ரிவால்வருக்கு அந்த மூக்கு இல்லை. இருட்டில் களத்தில் நிற்பவன் கொலைஞனா, மிளகுக் கள்ளனா, பாம்பு கடித்து உதவி தேடி வந்த அடுத்த தோட்டத்து ஆளா? விரல் விசையில் இருக்கும் ஒரு நொடியில் இதைத் தீர்மானிக்க வேண்டியவர் நண்பர் ஒருவரே.

விவிலியமும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. இரவில் கன்னமிடும் திருடன் அடிபட்டு இறந்தால் அடித்தவன் மேல் இரத்தப்பழி இல்லை, கதிரவன் எழுந்தபின் ஆனால் இரத்தப்பழி உண்டு என்று விடுதலைப் பயணம் நூலின் 22ஆம் அதிகாரம் பிரித்துச் சொல்கிறது. இரவில் அவன் நோக்கம் தெரியாது, பகலில் தெரியும்; திருட வந்தவன் என்று தெரிந்தால் அவன் உயிர் பொருளைவிடப் பெரிது. வியப்பு என்னவென்றால், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்தப் பகல்-இரவு வேறுபாட்டை வைத்திருக்கிறது. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனிடம் தற்காப்பு உரிமை மரணம் விளைவிக்கும் அளவும் செல்லலாம் என்கிறது சட்டம். வெறும் களவுக்கு, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இல்லாதபோது, அந்த உரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கும் கூடாது. களத்து மிளகுக்காக யாரையும் சுட முடியாது என்று நண்பரிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் சார், மிளகுக்காகக் கேட்கவில்லை" என்றார். மெய்தான். களவு போனது மிளகு. அவர் இழந்தது நிம்மதி.

திருச்சபையின் போதனையை நம்மில் பலர் தவறாக நினைத்திருக்கிறோம். கிறிஸ்தவன் தன்னைத் தற்காக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டில் புனித அம்புரோசியார், ஆயுதத்தோடு வரும் கள்வனைத் திருப்பி அடிப்பது ஞானமுள்ள கிறிஸ்தவனுக்குத் தகாது என்றே கருதினார். புனித அகுஸ்தினாரும், தன்னுயிர் காக்கப் பிறனைக் கொல்வதைத் தனிமனிதனுக்கு ஒப்பவில்லை. பொது நலனுக்காகப் பணிபுரியும் படைவீரன் போன்றோருக்கே விதிவிலக்குத் தந்தார். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இதை வேறுவிதமாக ஆராய்ந்தார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம்: என் உயிர் காக்கப்படுதல் ஒன்று, தாக்கியவன் இறத்தல் மற்றொன்று. நான் நாடியது முன்னதாக இருந்து, கையாண்ட வன்மை தேவையின் அளவைத் தாண்டாதிருந்தால் செயல் குற்றமாகாது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதையே ஏற்று, ஒரு படி மேலே சென்று, பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு கடமையாகவும் ஆகலாம் என்கிறது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் வாழ்வின் நற்செய்தி என்னும் சுற்றுமடலிலும் இதை உறுதிப்படுத்தினார். அகிம்சைக்கு உலகறிந்த பெயரான காந்தியடிகளும், கோழைத்தனத்துக்கும் வன்முறைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமெனில் வன்முறையையே பரிந்துரைப்பதாக 1920இல் எழுதினார். ஆகவே நண்பரின் மனைவியும் பேரனும் ஆபத்தில் இருக்கையில் அவர் கைகட்டி நிற்க வேண்டும் என்று எவரும் அவருக்குப் போதிக்க முடியாது.

இங்கே சிலர் நம் புனித தேவசகாயத்தைக் காட்டுவர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்தவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானவர். 2022 மே மாதம் புனிதராக உயர்த்தப்பட்டவர். அவர் எதிர்க்கவில்லை. ஆனால் அவர் தந்தது தம் உயிரை. பேரனின் உயிரைத் தாத்தா அப்படித் தானம் செய்ய இயலாது. மறைசாட்சியத்தைக் குடும்பக் காவலுக்கு விதியாக்குவது மறைசாட்சிக்கும் பெருமை சேர்க்காது.

ஆனால் அக்குவினாஸ் ஆராய்ந்தது தாக்குதல் நேர்ந்த அந்தக் கணத்தை. அந்தக் கணத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு அவர் விடை தந்தார். அந்தக் கணம் வரும் என்று எதிர்பார்த்து, வராத ஆயிரமாயிரம் நாள்களிலும் அதைச் சுமந்து நடப்பதைப் பற்றி அவர் பேசவில்லை. என் நண்பரின் வினா உண்மையில் அந்த ஆயிரம் நாள்களைப் பற்றியது.

அந்த நாள்களை நற்செய்தியில் ஓரிடத்தில் காண்கிறேன். இறுதி இராவுணவின் பந்தியிலேயே இரண்டு வாள்கள் இருந்தன என்கிறார் லூக்கா. சீடர்கள் அவற்றைக் காட்டியபோது, போதும் என்றார் ஆண்டவர். அது சம்மதமா, சலிப்பா என்று விரிவுரையாளர் இன்றும் வாதிடுகின்றனர். எனக்குச் சலிப்பாகவே படுகிறது. எவ்வாறாயினும் அவற்றை அவர் பறித்து எறியவில்லை. முதல் நற்கருணை உட்கொள்ளப்பட்ட வேளையில் யாரோ ஒருவரின் இடையில் வாள் இருந்தது. அது யாருடையது என்பது சில நாழிகைக்குள் தெரிந்தது. பேதுரு உருவினார், வெட்டினார். விழுந்தது யாருடைய காது? படைத்தலைவனுடையதன்று, தலைமைக் குருவினுடையதன்று. மால்கு என்ற ஊழியனுடையது. ஏவப்பட்டு வந்த ஏழை. ஆயுதம் பெரும்பாலும் கைக்கு எட்டும் எளியவன் மீதே விழுகிறது. அதையும் ஆண்டவர்தான் தொட்டுக் குணப்படுத்த வேண்டியிருந்தது.

அதே இரவில், அதே பேதுரு, குளிருக்கு நெருப்பண்டை நிற்கிறார். ஒரு பணிப்பெண் ஒரு கேள்வி கேட்கிறாள். நடுங்கிப்போய் மறுதலிக்கிறார். ஒரு கூட்டத்தின் எதிரே வாளுருவியவர் ஒரு பெண்ணின் சொல்லுக்கு அஞ்சினார். வாள் அவருடைய அச்சத்தைப் போக்கியிருக்கவில்லை. அச்சம் இருப்பதை அவருக்கே தெரியாமல் மறைத்து வைத்திருந்தது.

2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. .32 அளவு, எடை ஏறத்தாழ 500 கிராம், விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். நகைப்பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்துத் தந்தார்கள். பெயர் நிர்பீக். அச்சமற்றவர் என்று பொருள். நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். ஆயின் நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் காட்டிவந்துள்ளன. உறவினன், அயலான், வேலை கொடுத்தவன். கைப்பைக்குள் இருக்கும் ரிவால்வர் அவனைப் பகைவன் என்று எப்போது அறியும்? மறுபடியும் கொல்லிப்பாவையின் மூக்கு.

அச்சத்தைப் பற்றி யோசிக்கும்போது, இம்மலையில் பிறந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. டாக்டர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில், பாப்டிஸ்ட் சபை நற்செய்திப் பணியாளர்களான ஜெஸ்ஸி, ஈவ்லின் தம்பதியரின் மகனாகப் பிறந்தவர். பின்னாளில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார். அவர் கண்டு சொன்ன உண்மை இது: தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமற் போவதால், சூட்டையும் காயத்தையும் உணராமல் அவர்களே அவற்றைச் சிதைத்துக்கொள்கிறார்கள். வலி பகையன்று, உடலுக்கு இறைவன் வைத்த காவலன் என்று அவர் வாழ்நாளெல்லாம் எழுதினார். அச்சமும் அப்படித்தானோ? இருட்டிய பின் பணத்தோடு மலையிறங்காதே, பகலில் போ, வங்கியில் போடு, துணைக்கு ஓர் ஆளைக் கூப்பிடு, வாசலில் விளக்கு வை, நாய் வளர் என்று சொல்வது அச்சம். இடுப்பில் ரிவால்வர் ஏறியதும் அந்தக் குரல் மரத்துப்போகிறது. போகக்கூடாத வேளையில் போகிறோம். விலகிச் செல்ல வேண்டிய சொற்சண்டையில் நின்று பதில் சொல்கிறோம். வலியிழந்த கை நெருப்பைத் தொடுவது போல.

பால் பிராண்டின் தாய் ஈவ்லின், கணவரை இழந்தபின் முதிய வயதில் மீண்டும் இம்மலைக்கே வந்து, ஊர் ஊராகச் சென்று பணிபுரிந்தார். முதுமையில் இரு கைகளிலும் மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். 1974இல் 95 வயதில் மறைந்தார். அவரைக் காத்தது எது என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். மலையில் எல்லாரும் அவரை அறிந்திருந்தார்கள் என்பது மட்டும் தெளிவு. நண்பருக்கோ, அடுத்த தோட்டத்தில் யார் குத்தகைக்கு இருக்கிறார் என்பது அண்மை வரை தெரியாது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் அவரிடம் சொல்லிவிடவில்லை. சொன்ன அளவில் அவர் பொறுமையாகக் கேட்டார், முழுதும் ஏற்கவில்லை. "வேலூர் டாக்டர் சொன்னது சரி சார். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறவனிடம் வலியைப் பற்றிப் பேச முடியாது" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்றும் இல்லை.

பேச்சைத் திருப்பியது அவர் மனைவி. காப்பி கொண்டுவந்து வைத்தவர், கணவரைப் பார்த்து ஒன்றே கேட்டார். "அதை எங்கே வைப்பீங்க?"

பீரோவில் பூட்டி என்றார். ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி தேடுவீர்களா என்றார் அவர். அப்படியானால் தலையணைக்கு அடியில். பேரன் உங்களோடுதானே படுக்கிறான் என்றார். தோட்டாவை மட்டும் தனியே வைத்தால்? அதைப் போடும் நேரம் திருடன் காத்திருப்பானா? வினாக்களில் கேலி இல்லை. வீட்டில் பொருள்களுக்கு இடம் ஒதுக்குபவர் கேட்கும் இயல்பான வினாக்கள். கைக்கு எட்டும்படி வைத்தால் குழந்தைக்கும் எட்டும். எட்டாதபடி வைத்தால் தேவைக்கும் எட்டாது. உலகெங்கும் துப்பாக்கி வைத்திருப்போர் இந்த முடிச்சை அவிழ்க்கப் பெட்டியும் பூட்டும் விதவிதமாகச் செய்து பார்க்கிறார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அயலான் நுழைவான் என்று வாங்கி வைத்தது, வீட்டாரின் மனம் உடைந்த நாளில் கைக்குக் கிடைத்துவிடுகிறது. இது நமக்குப் புரியாத செய்தியன்று. நம் உழவர் வீடுகளில் பூச்சிமருந்துப் புட்டிகள் செய்துவரும் வேலை இதுவே. இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. துயரம் குறைந்ததாலன்று, துயரத்தின் அந்த ஒரு நாழிகையில் கைக்கெட்டியது குறைந்ததால்.

அம்மையார் நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை கோவிலுக்கு?"

நண்பர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தினமும் இடுப்பில் வைப்பது என்றால் ஞாயிறும் தினத்தில் அடக்கம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். இதை எங்கே கழற்றுவது? மலையில் நிறுத்திய வண்டியில் விட்டால் களவு போகும்; உரிமம் பெற்றவர் மீதே பொறுப்பு வரும். இடுப்பிலேயே வைத்தபடி சமாதானம் பகிர்ந்து, பீடத்தின் முன் போய்க் கை நீட்டுவதா? பேதுருவும் அப்படித்தான் பந்தியமர்ந்தார் என்று நான் சொல்ல நினைத்தேன். அம்மையாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதன்பின் நடந்தவற்றை உள்ளபடி எழுதுகிறேன். களத்து ஓரம் இரண்டு விளக்குகள் போட்டிருக்கிறார்கள். நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது. இப்போதைக்குக் கோழிகளுக்குத்தான் அதனால் ஆபத்து. விற்ற பணம் வங்கிக் கணக்கிலேயே வரும்படி வியாபாரியிடம் பேசியாயிற்று. அடுத்த தோட்டத்துக் குத்தகைக்காரரின் கைப்பேசி எண் சமையலறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது; அவர் எண்ணின் கீழே அவருடைய மனைவியின் எண்ணும். மூன்றாவது களவு இதுவரை நடக்கவில்லை. நடக்காது என்று யாரும் சொல்லவில்லை.

விண்ணப்பப் படிவமும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, பாதி நிரப்பியபடி. ஆயுதம் எதற்குத் தேவை என்று காரணம் கேட்கும் இடத்தில் பேனா நின்றிருக்கிறது. என்ன எழுதுவது என்று சென்ற வாரம் தொலைபேசியில் என்னைக் கேட்டார். உங்களுக்கு உண்மையென்று படுவதை எழுதுங்கள் என்றேன். "அதைத்தான் சார் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.